கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து ஆட்டம்: சென்னையிலிருந்து யாராவது போயிருக்கிறீர்களா?

நீலச்சட்டை: நம்ம ஊர் கால்பந்து அணி ‘சென்னையின் எஃப்சி’ ஆட்டத்தை முதல்முறையாக வெளியூரில் பார்க்கலாம் என்று தம்பியும் நானும் முடிவு செய்திருக்கிறோம், கலூர் மைதானத்தில் இரவு 7.30க்கு ஆட்டம். எந்த ரயில் சரி? அன்று இரவே திரும்ப முடியுமா? நம் அணியின் நீல ஜெர்சி போட்டுக்கொண்டு போனால் பிரச்சினை வருமா?

பெரம்பூர்க்காரன்: போகும்போது திருவனந்தபுரம் மெயில்தான். சென்ட்ரலில் இரவு ஏறினால் காலையில் எர்ணாகுளம் டவுனில் இறங்கிவிடலாம், ஜங்ஷன் இல்லை, டவுன். மைதானத்துக்கு அதுதான் பக்கம், அப்புறம் மெட்ரோவில் மைதானத்தின் பெயரிலேயே ஜேஎல்என் (ஜவஹர்லால் நேரு) என்று ஒரு நிலையம் இருக்கிறது. திரும்புவதுதான் சிக்கல், சென்னை மெயில் மாலையிலேயே எர்ணாகுளத்தைக் கடந்துவிடும், நீங்கள் வெளியே வர 9.30 ஆகும். ஒரு நாள் தங்குவதாகவே திட்டமிடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும், இப்போதே பாருங்கள்.

கலூர்_வடக்கு: நான் அங்கேதான் இருக்கிறேன், பிளாஸ்டர்ஸ் ரசிகன். நீலத்தில் தாராளமாக வாங்க. ஆனால் எங்கள் ரசிகர் கூட்டமான மஞ்சப்படை உட்காரும் கிழக்குப் பக்கம் டிக்கெட் எடுக்காதீர்கள். வெளியூர் ரசிகர்களுக்குத் தனி இடம் உண்டா என்று உங்கள் ரசிகர் மன்றத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்தச் சத்தத்தை ஒருமுறையாவது நேரில் கேட்க வேண்டும்!

நீலச்சட்டை: நன்றி அண்ணா, டவுன் வரைக்கும் இரண்டு பெர்த் போட்டுவிட்டேன். அறை தேடிக்கொண்டிருக்கிறேன்.