டியூனர் கார்டுல ஒரு சேனல் கூட வரல, அப்பாவுக்கு ஆராதனை ரெக்கார்ட் பண்ணணும், உதவி பண்ணுங்க

குடந்தை_ஹால்பிசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு கும்பகோணம். 2010ல ஹால் டிவிக்குன்னே ஒரு பிசி அசெம்பிள் பண்ணி வச்சோம், உள்ள டிவி சிக்னல பிடிக்கற பிசிஐ டியூனர் கார்டு, கேபிள்காரர் விட்ட ஒயர நேரா அதுல சொருகிடுவோம், விண்டோஸ் 7 மீடியா சென்டர்ல நேரம் குறிச்சிட்டா அது பாட்டுக்கு பதிஞ்சுக்கும். அப்பா வருஷா வருஷம் திருவையாறு தியாகராஜர் ஆராதனை நேரலைய தூர்தர்ஷனோட பொதிகை சேனல்லேர்ந்து அதுலதான் பிடிச்சு வைப்பாரு, ஒவ்வொரு வருஷத்துக்கும் தனி ஃபோல்டர், யார் யார் பாடுனாங்கன்னு ஒரு நோட்டுல வேற எழுதி வச்சிருக்காரு. நான் வேலைக்கு வெளியூர் போனதும் பிசி துணி போட்டு மூடியே கிடந்துச்சு. இப்ப வந்து தூசி தட்டி, ரேம கழட்டி துடைச்சு போட்டேன், நல்லா ஆன் ஆகுது. ஆனா சேனல் ஸ்கேன் விட்டா 48ல ஆரம்பிச்சு 860 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஓடிட்டு 0 சேனல்னு நிக்குது. ஒயர மாத்திட்டேன், டிரைவர் ரெண்டு தடவ போட்டுட்டேன். கார்டு போயிடுச்சா? ஜனவரிக்குள்ள சரி பண்ணணும், அப்பா தினமும் கேக்குறாரு.

தஞ்சை_வயரிங்:
தம்பி கார்டு போகல, அதுக்கு பிடிக்கத் தெரிஞ்ச சிக்னல்தான் இப்ப ஒயர்ல இல்ல. உங்க கார்டு அனலாக் கார்டு, பழைய பால் (PAL) முறை சிக்னல மட்டும்தான் பிடிக்கும். கேபிள் டிவி சட்டத்த 2011ல திருத்தி நாலு கட்டமா டிஜிட்டலுக்கு மாத்துனாங்க, 2012ல சென்னை மாதிரி நாலு பெருநகரம் மொதல்ல, நம்ம பக்கமெல்லாம் அப்புறம்தான், கடைசி கட்டத்துக்கு கெடு 2017 மார்ச் 31. இப்ப அதே ஒயர்ல வர்றது டிவிபி-சி, அதாவது கேபிளுக்கான டிஜிட்டல் முறை, அதுவும் பூட்டு போட்டு வருது, சாவி செட்டாப் பாக்ஸுக்குள்ளதான் இருக்கு. அதனால எத்தன தடவ ஸ்கேன் விட்டாலும் 0தான் வரும்.

இப்போதைக்கு செட்டாப் பாக்ஸ் பின்னாடி இருக்கற மஞ்சள் பின்ன உங்க கார்டோட வீடியோ இன்புட்ல, சத்தத்துக்கான சிவப்பு, வெள்ளை பின்ன ஆடியோ இன்புட்ல குடுங்க, சாஃப்ட்வேர்ல டியூனர்ங்கறத விட்டுட்டு காம்போசிட்னு மாத்துங்க, படம் வரும். ஹெச்டிஎம்ஐ பக்கம் போகாதீங்க, அதுல காப்பி தடுப்பு உண்டு. குறை என்னன்னா பாக்ஸ் எந்த சேனல்ல நிக்குதோ அதுதான் பதிவாகும், ராத்திரி யாராவது சேனல மாத்திட்டா போச்சு.

மதுரை_எச்டி:
யூஎஸ்பி டிவி டியூனர்னு ஆன்லைன்ல மலிவா விக்கறத அவசரப்பட்டு வாங்கிடாதீங்க, அது பெரும்பாலும் டிவிபி-டி2, ஆன்டெனாவுக்கானது. தூர்தர்ஷன் டி2 ஒளிபரப்ப சென்னை மாதிரி சில பெரிய நகரங்கள்லதான் ஆரம்பிச்சாங்க. நான் மதுரைல வாங்கி மாடில ஆன்டெனாவோட ஒரு ஞாயித்துக்கிழம முழுக்க நின்னேன், ஒண்ணும் வரல. அந்தக் காசு உங்களுக்கு மிச்சமாகட்டும்.

குடந்தை_ஹால்பிசி:
ரொம்ப நன்றிண்ணே, மஞ்சள் பின் குடுத்ததும் படம் வந்துடுச்சு!! ஆனா சத்தம் கரகரன்னு கிழியுது. கார்டுலேர்ந்து வெளிய வர்ற குட்டி ஒயர பிசி பின்னாடிதான் சொருகியிருக்கேன். வால்யூம் எவ்வளவு குறைச்சாலும் அப்படியேதான் இருக்கு.

தஞ்சை_வயரிங்:
எந்த கலர் ஓட்டைன்னு பாருங்க. ரோஸ் கலர்னா அது மைக், சின்ன சிக்னல பெருசாக்கற இடம், அங்க குடுத்தா கிழியத்தான் செய்யும். நீலத்துல மாத்துங்க, அதான் லைன் இன். அப்புறம் சவுண்ட் செட்டிங்ல ரெக்கார்டிங் பகுதில லைன் இன் மியூட்ல இல்லாம பாத்துக்கங்க. அந்தக் காலத்து கார்டுல நிறைய இப்படித்தான், படம் பிசிஐ வழியா போகும், சத்தத்துக்கு மட்டும் வெளிய சுத்தி ஒரு ஒயர்.

குடந்தை_ஹால்பிசி:
ரோஸ்தான்! நீலத்துல மாத்துனேன், சுத்தமா கேக்குது.

திருச்சி_டிஷ்:
ஒரு வழி விட்டுட்டீங்க. அப்பாவுக்கு வேணுங்கறது தூர்தர்ஷன்தானே, பொதிகை 2024 ஜனவரிலேர்ந்து டிடி தமிழ்னு பேர் மாறிடுச்சு. அது டிடி ஃப்ரீ டிஷ்ல மாச சந்தா இல்லாமயே வருது, 93.5 டிகிரி கிழக்குல இருக்கற ஜிசாட்-15 சாட்டிலைட்லேர்ந்து. பிசில சாட்டிலைட் சிக்னல பிடிக்கற டிவிபி-எஸ்2 கார்டு ஒண்ணு போட்டீங்கன்னா செட்டாப் பாக்ஸே வேணாம், நேரத்துக்கு அதுவே சேனல் மாத்தி பதிஞ்சுக்கும். எஸ்2ன்னு கேட்டு வாங்குங்க, வெறும் எஸ் வேணாம், எம்பெக்-4ங்கற புது சுருக்க முறைல வர்ற சேனல்களும் கிடைக்கணும்ல.

டிஷ் ஒயர பழைய கார்டுல சொருகி பாக்க வேணாம். 11090 மெகாஹெர்ட்ஸ்ல வர்றத டிஷ் முன்னாடி நிக்கற எல்என்பிங்கற கருவி 9750 கழிச்சு 1340ஆ கீழ அனுப்புது, உங்க கார்டு 860லயே நின்னுடும். வாங்கறதுக்கு முன்னாடி மதர்போர்டுல சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியா இருக்கான்னு பாத்துக்கங்க, பழைய கார்டு உக்காந்திருக்கற நீள ஸ்லாட்ல இது போகாது.

60 செண்டிமீட்டர் டிஷ் போதும். கும்பகோணத்துலேர்ந்து தென்கிழக்குக்கு இன்னும் கொஞ்சம் கிழக்கா ஒதுங்கி, கிட்டத்தட்ட 69 டிகிரி உயரத்துல பாக்கணும், ஆனா ஆஃப்செட் டிஷ்ங்கறதால பாக்க அவ்வளவு மல்லாந்து தெரியாது. தென்னமரம் மறைக்காத இடமா பாருங்க. ஸ்கேன்ல ஃப்ரீக்வென்சி 11090, போலரைசேஷன் வெர்டிகல், சிம்பல் ரேட் 29500னு குடுங்க. சாஃப்ட்வேருக்கு லினக்ஸ்ல டிவிஹெட்எண்ட், பாக்கறதுக்கு கோடி. வர்ற ஸ்ட்ரீம அப்படியே எழுதிக்கறதால பழைய ப்ராசஸர் திணறாது. பழைய வழில டிஜிட்டலா வந்தத பாக்ஸ் அனலாக்காக்குது, உங்க பழைய கார்டு அத திரும்ப டிஜிட்டலாக்குது, அதுல தம்புரா சுருதியோட மெல்லிசு போயிடும். இதுல போகாது.

குடந்தை_ஹால்பிசி:
மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். கார்டு வந்துடுச்சு, சின்ன ஸ்லாட் ஒண்ணு காலியா இருந்துச்சு. டிஷ் ஆள் ஒருத்தர கூட்டிட்டு வந்தோம், அவரு மாடில திருப்ப திருப்ப நான் கீழேர்ந்து சிக்னல் எவ்வளவுன்னு கத்திகிட்டே இருந்தேன், ஒரு நூல் அளவு திருப்புனதுக்கு 30லேர்ந்து 70க்கு ஏறுச்சு. ஸ்கேன்ல டிடி தமிழ் வந்துடுச்சு. நேத்து சாயங்காலம் ஒரு கச்சேரிய பதிஞ்சு அப்பாகிட்ட போட்டு காட்டுனேன், முழுசா கேட்டுட்டு நோட்ட எடுத்து புதுப் பக்கத்துல தேதி போட்டாரு.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. நேத்து நல்ல மழை, அப்ப படம் கட்டம் கட்டமா உடைஞ்சுது. இது நார்மலா?

திருச்சி_டிஷ்:
இந்த டிஷ் சிக்னல் வர்ற கேயூ பேண்ட் அலைவரிசைல கனமழைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனா தூறலுக்கே உடைஞ்சா எல்என்பி மூட்டுல தண்ணி போகுதான்னு பாருங்க, ஒயர் நுனில இருக்கற எஃப் கனெக்டர் மேல, தன்னோட தானே ஒட்டிக்கற செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் நல்லா இழுத்து சுத்திடுங்க. ஆராதனை மார்கழி கடைசிலயோ தைலயோதான் வரும், அப்ப மழை பெருசா இருக்காது. அப்பாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்க தம்பி.