பழைய மீட்டர் கேஜ் ரயில் பெட்டிக்கு சரியான கலர் எது?

கடலூர்க்காரன்:
வணக்கம். பாண்டி விழுப்புரம் லைன்ல ஓடுன மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல தண்டவாளம்) ரயில் பெட்டிய ரெண்டடி நீளத்துல ப்ளைவுட்ல செஞ்சிருக்கேன், அப்பாவுக்காக. அவரு அந்த வண்டியிலதான் வேலைக்குப் போயிட்டு வந்தாரு. மெரூன் எனாமல் வாங்கி ரெண்டு கோட் அடிச்சு பளபளன்னு காட்டினா, கொஞ்ச நேரம் பாத்துட்டு "இது நம்ம வண்டி இல்லடா"ன்னுட்டாரு. கடையில ரயில் கலருன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. பழகின யாராவது சொல்லுங்க, ப்ளீஸ்.

முதுநகர் ராஜா:
தம்பி, நீலம் அடிங்க. நான் பாத்த வண்டியெல்லாம் நீலந்தான்.

பெட்டி பெயிண்டர் மகன்:
ராஜா சார், நீங்க பாத்தது அகலப் பாதை வண்டியா இருக்கும். 90கள்ல ஏர் பிரேக் பெட்டிங்க வந்தப்ப அதுக்குத்தான் நீலம் அடிச்சாங்க, உங்க தம்பி செய்யற மாதிரி பழைய வாக்குவம் பிரேக் (வெற்றிடத்துல வேலை செய்யற பிரேக்) பெட்டி பழைய செவப்புலயே ஓடுச்சு.

தம்பி, உங்க கலரு தப்பில்ல, பளபளப்புதான் தப்பு. எங்கப்பா ஒர்க்‌ஷாப்ல பெட்டிக்கு பெயிண்ட் அடிச்சவரு. பழசச் சொரண்டி ரெட் ஆக்சைடு அடிச்சு, பள்ளத்துக்கு பட்டி பாத்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சு, அண்டர்கோட்டுக்கு மேலதான் எனாமல் அடிப்பாங்கன்னு சொல்லுவாரு. வெளிய வர்றப்ப மூஞ்சி தெரியுமாம். அப்புறம் வெயில்ல நின்னு நின்னு எண்ணெய்ப்பசை போயி மேல வெறும் தூளா நிக்கும், சாஞ்சு நின்னா வெள்ளைச் சட்டையில செங்கல் பொடி மாதிரி ஒட்டிக்கும், எங்கம்மா துவைச்சு துவைச்சு அலுத்துப்போயிருக்காங்க. உங்கப்பா நெனப்புல இருக்கறது அந்தக் கலருதான். அடிச்சத எடுக்க வேணாம், சன்னமான வாட்டர் பேப்பர தண்ணியில நனைச்சு லேசா தேய்ச்சு பளபளப்ப மட்டும் எடுங்க, ஜன்னலுக்கு மேல கொஞ்சம் வெளிறுனாப்ல விடுங்க.

புதுச்சேரி செல்வி:
தம்பி, எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி தேய்ச்சுடாதீங்க. எங்க ஊரு உப்புக்காத்துக்கு துரு உள்ளேர்ந்துதான் கெளம்பும், கதவுக்குக் கீழ மூலையிலயும் கக்கூஸ் பக்கத்துத் தகட்டுலயும் பெயிண்ட் முதல்ல கொப்புளம் மாதிரி உப்பும், அப்புறம் ஒடைஞ்சு பழுப்புத்தண்ணி கோடு கோடா எறங்கும். ஜன்னல் கம்பி படுக்கவாட்டுல இருக்கணும், நடுவுல பெயிண்டே இருக்கக்கூடாது, கை பட்டுப் பட்டு இரும்பு வெள்ளையா மின்னும். ஓரத்துல மட்டும் செவப்பு நிக்கும். 1879ல வந்த லைன், 2004ல அகலப் பாதையா மாத்திட்டாங்க, அந்தப் பெட்டிய இனிமே இங்க நிறுத்திப் பாக்க முடியாது. நீங்க செய்யறது எனக்கும் முக்கியமாப் படுது, முடிச்சதும் போட்டோ போடுங்க.

கடலூர்க்காரன்:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி ஒரு பக்கம் மட்டும் தேய்ச்சேன், ஜன்னல் கம்பிக்கு சைக்கிள் ஸ்போக் வெட்டி வெச்சேன், பெயிண்ட் நடுவுல இல்லாம. காலையில அப்பா பெட்டி பக்கத்துல வந்து ஒண்ணும் சொல்லல, கைய பெட்டி மேல வெச்சு ஒரு இழுப்பு இழுத்து உள்ளங்கையப் பாத்தாரு. அப்புறம் மூணாவது ஜன்னலத் தொட்டு, "இங்கதான் உக்காருவேன்"னாரு. அந்த ஜன்னல் ஷட்டர பாதி எறக்கின மாதிரி வெக்கணுமாம். பழைய ஷட்டர் பலகை எத்தனை பட்டைன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?