ஃபாஸ்டருக்கு வந்த குட்டிக்கு பார்வோ, எங்க நாயும் வீட்ல இருக்கு, திருப்பி குடுத்துடலாமா?

வேளச்சேரிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு ஷெல்டர்ல இடமில்ல கொஞ்ச நாள் வச்சுக்கோங்கன்னு சொன்னாங்கன்னு ரெண்டு நாட்டு நாய்க்குட்டிங்கள எடுத்துட்டு வந்தோம், ரெண்டு மாசம் கூட இருக்காது, ஊசி எதுவும் போடல. நேத்து ராத்திரிலேர்ந்து கறுப்பு குட்டி எதையும் தொடல, நுரை நுரையா வாந்தி, காலைல பேதியில ரத்தம், அந்த நாத்தம் வீடு பூரா நிக்குது. வெட் டெஸ்ட் கிட் வச்சு பாத்துட்டு பார்வோதான், நாய்க்குட்டிங்க குடல தாக்கற வைரஸ்னுட்டார். ட்ரிப்ஸ் ஏத்தி, கால்ல கேனுலாவோட (ட்ரிப்ஸ் ஏத்தற சின்ன குழாய்) அனுப்பிருக்கார், சாயங்காலம் திரும்ப போகணும். ப்ரவுன் குட்டி இப்போதைக்கு ஆடிட்டுதான் இருக்கு. எங்க நாய் மோதிக்கு ஆறு வயசு, ஊசி எல்லாம் கரெக்டா போட்டிருக்கு. மாமியார் "எடுத்த எடத்துலயே விட்டுட்டு வா"ங்கறாங்க, பாப்பாவுக்கு ஒட்டிக்கும்னு பயம். என்ன பண்றது?

நாலுகால்:
திருப்பி மட்டும் குடுத்துடாதீங்க. அங்க ஊசி போடாத குட்டிங்க எத்தனை இருக்கோ அத்தனைக்கும் போய் சேரும். நாய்க்கு வர்ற பார்வோ மனுஷங்களுக்கு வராது, அத மாமியார்ட்ட தைரியமா சொல்லுங்க. பாப்பாவ குட்டிங்க கிட்ட விடாம இருக்கறது நல்லதுதான், ஆனா காரணம் வேற, இந்த வயசு குட்டிங்க வயித்துல உருண்டைப்புழு இருக்கும், அது குழந்தைங்களுக்கு வரும். அப்புறம் மருந்து குடுக்கும்போது பல்லு பட்டுச்சுன்னா குட்டிதானேன்னு விட்டுடாதீங்க, சோப்பு போட்டு ஓடுற தண்ணில கால் மணி நேரம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கணும்.
மோதிக்கு பெருசா பயமில்ல. ப்ரவுன் குட்டிதான் கவலை, வைரஸ் உள்ள போயி பெரும்பாலும் மூணுலேர்ந்து ஏழு நாள்ல காட்டும், சில நேரம் ரெண்டு வாரம் கூட ஆகும். இன்னிக்கே தனி ரூம், தனி தட்டு. முதல்ல அதுக்கு சாப்பாடு வச்சுட்டு கடைசியா கறுப்பு கிட்ட போங்க, மாத்தி பண்ணாதீங்க.

பெரம்பூர்பையன்:
எங்க வீட்ல மோர்ல மஞ்சள் கலந்து ஊத்துவாங்க, இளநீரும் குடுப்பாங்க. ஒரு தடவ ட்ரை பண்ணி பாருங்க சிஸ்டர்.

ரெண்டுபூனைஒருநாய்:
தம்பி கோச்சுக்காதீங்க, வாந்தி எடுத்துட்டிருக்கற குட்டி வாயில எதையும் ஊத்தக்கூடாது, நுரையீரலுக்குள்ள போச்சுன்னா அதுவே தனி பிரச்சனை ஆயிடும். பார்வோ வைரஸ கொல்லணும்னு டாக்டர் மருந்து குடுக்கறதில்ல, குட்டி சாகறது பெரும்பாலும் தண்ணி வத்தி, சக்கரை இறங்கி, கிழிஞ்சு போன குடல் வழியா பாக்டீரியா ரத்தத்துல கலந்து. ட்ரிப்ஸ், வாந்தி ஊசி, ஆன்டிபயாடிக் எல்லாம் அதுக்குத்தான், அதனால ஒரு வேளை கூட ஸ்கிப் பண்ணாதீங்க. வீட்ல நீங்க பாக்க வேண்டியது ஈறு. விரலால அமுக்கி எடுத்தா வெளுத்து ரெண்டு செகண்டுக்குள்ள ரோஸ் திரும்பணும். லேட்டானாலோ, உடம்பு சில்லுனு ஆனாலோ, கூப்பிட்டா தலைய தூக்கலன்னாலோ சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காம தூக்கிட்டு ஓடுங்க. செலவு இடிச்சுதுன்னா வேப்பேரி மெட்ராஸ் வெட்டரினரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, 1903ல ஆரம்பிச்ச காலேஜ், கூட்டம் இருக்கும், காலைலயே போயிடுங்க. வாந்தி நின்னதும் டாக்டர்ட்ட கேட்டுட்டு வேகவச்ச சிக்கன், குழைஞ்ச சாதம், ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனா. பசிச்சு கேக்குதேன்னு ஒரேயடியா வச்சுடாதீங்க.

வேளச்சேரிக்காரி:
ரொம்ப தேங்க்ஸ். ஃபினாயில் போட்டு ரெண்டு தடவ தொடச்சிட்டேன், போதுமா?

நாலுகால்:
வாசனை போகும், வைரஸ் போகாது, டெட்டாலும் அப்படித்தான். முதல்ல கழிச்சல வழிச்சு எடுத்து சோப்புத்தண்ணில கழுவிடுங்க, அழுக்கு இருந்தா ப்ளீச் வேலை செய்யாது. அப்புறம் கடைல விக்கற லிக்விட் ப்ளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணி, பத்து நிமிஷம் தரை ஈரமா நிக்கணும். ஃபினாயிலோட, ஆசிட்டோட சேத்து ஊத்தி வைக்காதீங்க, ஆசிட் கலந்தா வர்ற புகை மூச்ச அடைக்கும். துணி, பழைய சாக்கு எல்லாம் தூக்கி போட்டுடுங்க. செருப்பும் ஞாபகம் இருக்கட்டும், நெறைய வீட்ல பரவறதே செருப்புலதான். மண்ணு தரையில மாசக்கணக்கா, ஒரு வருஷம் கூட உயிரோட இருக்கும், அதனால இந்த வருஷம் ஃபாஸ்டர் எடுத்தா ஊசி கோர்ஸ் முடிஞ்ச பெரிய நாயா எடுங்க, அதுங்களதான் யாரும் கேக்கறதே இல்ல.
அந்த ஷெல்டருக்கு போன் பண்ணிட்டீங்களா? இதுங்க கூட ஒரே கூண்டுல இருந்த குட்டிங்கள அவங்க உடனே பிரிக்கணும்.

வேளச்சேரிக்காரி:
இப்பதான் பண்ணேன், அங்கயும் ஒண்ணு காலைலேர்ந்து சாப்பிடலயாம், தனியா வச்சுட்டாங்களாம். ப்ரவுன் மதியம் பாதி சாதத்த அப்படியே விட்டுட்டான், வெட் அவனையும் சேத்து தூக்கிட்டு வர சொல்லிட்டார். ஆட்டோ வந்துடுச்சு, போயிட்டு வந்து போடறேன்.