ட்ரெட்மில்ல நல்லா நடக்குற நாய் மண்ணுல ஏன் நொண்டுது?

வாலாட்டி:
எங்க பொண்ணுக்கு (நாய் தான், எட்டு வயசு) பின்னங்கால் முட்டில லிகமென்ட் ஆபரேஷன் ஆகி மூணு மாசம் ஆச்சு. பிசியோவுல ட்ரெட்மில்ல விட்டா பத்து நிமிஷம் நாலு காலும் சமமா வச்சு அவ்ளோ அழகா நடக்குறா, ஆனா வெளிய மண்ணுல இறக்கிவிட்டா நேரா போறவரைக்கும் ஒண்ணும் தெரியல, திரும்பும்போது மட்டும் அந்தக் காலோட நுனி விரல்தான் தரையத் தொடுது. இதுல எந்த நடைய நம்புறது? குதிரை, கங்காரு எல்லாத்தையும் ட்ரெட்மில்ல ஓடவிட்டு அளக்குறாங்களே, அதுவும் இப்படித்தானா?

நாலுகால்:
பெல்ட்டே காலை பின்னாடி இழுத்துட்டுப் போயிடுது, அவளுக்கு வேலை கம்மி. அதான் நல்லா தெரியுது.

குளம்படி:
அப்படி இல்லங்க, நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. பெல்ட் ஒரே வேகத்துல போனா கணக்குப்படி தரையில நடக்குறதும் அதுவும் ஒண்ணுதான், ஓடுற ரயிலுக்குள்ள நாம சாதாரணமா நடக்குற மாதிரி. வித்தியாசம் வேற இடத்துலேருந்து வருது. கனமான மிருகம் கால் ஊன்றும்போது ஒவ்வொரு தடவையும் பெல்ட் வேகம் லேசா தடுமாறும். எதிர்க்காத்து கிடையாது, அதனால உடம்பு சூடு தணியாது, குதிரைய ஓட்டுறப்போ முன்னாடி பெரிய ஃபேன் வைக்கிறது அதுக்குத்தான். அப்புறம் கண்ணு. கால் ஓடுது, ஆனா சுத்தி இருக்குற சுவர் அப்படியே நிக்குது, மிருகத்துக்கு அது பெரிய குழப்பம். முதல் நாள் பாத்திருப்பீங்களே, பின்னங்காலை அகட்டி வச்சு, உடம்பைத் தாழ்த்தி, நகத்தால பெல்ட்ட பிடிச்சுக்கப் பாக்கும்.

பழகவும் நாளாகும். 1994-ல வந்த ஒரு குதிரை ஆய்வுல ட்ராட் நடை (மிதமான ஓட்டம்) மூணாவது செஷன்லயே நிலைச்சிடுச்சு, ஆனா சாதாரண நடை ஒன்பது செஷன் ஆகியும் முழுசா நிலைக்கல. மெதுவா நடக்குறதுதான் கஷ்டமா இருந்திருக்கு.

உங்க கேள்விக்கு வந்தா, ரெண்டு நடையும் உண்மைதான். ட்ரெட்மில்ல திருப்பம் இல்ல, மேடுபள்ளம் இல்ல, திடீர்னு நிக்கிறது கிளம்புறது இல்ல. திரும்பும்போதுதான் முட்டி முறுக்கிக்கும், அப்போதான் வலி வெளிய தெரியும். குதிரை நொண்டுதான்னு பாக்குறவங்க நேரா ஓட்டிப் பாத்ததோட விடமாட்டாங்க, வட்டமா ஓட்டி, கெட்டித் தரை மெத்துத் தரை ரெண்டுலயும் பாப்பாங்க. நீங்க பாத்தத அப்படியே வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க.

புழுதி:
இதே சிக்கல் சீட்டா (சிவிங்கிப்புலி) விஷயத்துல பெருசா நடந்துருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1973-ல சீட்டாவ ட்ரெட்மில்ல ஓடவிட்டாங்க, உடம்பு சூடு 40.5 டிகிரி கிட்ட வந்ததும் ஓட மாட்டேன்னுடுச்சு. உடனே சூடு தாங்காமத்தான் சீட்டா வேட்டைய பாதில விடுதுன்னு முடிவாகி, நாப்பது வருஷம் அதையே எல்லாரும் சொல்லிட்டிருந்தாங்க. 2013-ல சுதந்திரமா வேட்டையாடுற நாலு சீட்டாவுக்கு உடம்புக்குள்ள சென்சார் வச்சுப் பாத்தா, துரத்தல விடுற நேரத்துல சூடு சராசரியா வெறும் 38.4 தான், ஏன்னா துரத்தலே அவ்ளோ சின்னது. வேட்டை ஜெயிச்ச அப்புறம்தான் சூடு 1.3 டிகிரி ஏறுது, தோத்தா 0.5. ஓடினது ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதனால ஏறுற சூடு பதட்டத்துனாலன்னு அவங்க சொல்றாங்க. அந்தப் பதட்டம் பெல்ட் மேல எப்படி வரும்?

குளம்படி:
அதுக்காக ட்ரெட்மில்ல ஒதுக்கவும் முடியாதுங்க. கங்காரு தாவுற வேகத்தைக் கூட்டினாலும் அது இழுக்குற ஆக்சிஜன் கூடலன்னு அதே 1973-ல கண்டுபிடிச்சது பெல்ட் மேலதான், காட்டுல அது மூஞ்சில மாஸ்க் மாட்டிட்டு கூடவே யார் ஓடுறது? 1981-ல போனிகள (குட்டை ஜாதிக் குதிரை) வச்சு ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்ளோ சக்தி செலவுன்னு ட்ரெட்மில்ல அளந்துட்டு, அப்புறம் தரையில அதோட இஷ்டத்துக்கு விட்டாங்க. நடை, ட்ராட், கேலப் (பாய்ச்சல்) ஒவ்வொண்ணுலயும் ஒரே தூரத்துக்கு செலவு கம்மியான வேகத்தையே அது தேடிப் பிடிச்சுது. பெல்ட் மேல வேகம் நம்ம கையில, தரையில அது கையில. ரெண்டையும் சேத்துப் பாத்ததாலதான் அந்த விஷயமே தெரிஞ்சுது.

வாலாட்டி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்னைக்கு சாயங்காலம் வட்டமா நடக்கவிட்டுப் பாத்தேன், இடப்பக்கம் திரும்பினா மட்டும்தான் தூக்குறா, வலப்பக்கம் சரியா ஊன்றா. ரெண்டு பக்கமும் வீடியோ எடுத்து வச்சிருக்கேன், நாளைக்கு காலையில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.