உளுந்தங்களியை இளைஞர்களிடம் கொண்டுசேர்க்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். திருநெல்வேலியில் நானும் அம்மாவும் உளுந்தங்களி மாவு தயாரித்து விற்கிறோம். நாலு பங்கு தொலி உளுந்து, ஒரு பங்கு பச்சரிசி, வாசம் வரும்வரை வறுத்து அரைப்போம். கருப்பட்டிப் பாகில் கரைத்து, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டினால் களி தயார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். இளவட்டங்களோ, "இது வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்குக் கொடுக்கிறதுதானே?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இடுப்புக்கு நல்லது, எலும்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே நாம் அதை மருந்தாக்கிவிட்டோம் என்று நினைக்கிறேன். சூடான களியில் குழி பறித்து எண்ணெய் ஊற்றித் தொட்டுச் சாப்பிடும் ருசியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

போன மாதம் ஒருநாள் சுடச்சுட உருட்டிக் கொடுத்துப் பார்த்தோம். கல்லூரிப் பையன்கள் இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினார்கள். ஆனால் மாவுப் பொட்டலத்தை ஒருவரும் தொடவில்லை. கட்டி தட்டிவிடும் என்ற பயம்.

அப்புறம், எங்கள் கருப்பட்டி உடன்குடியில் இருந்து வருகிறது. அதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதை முன்னிறுத்தினால் இளைஞர்கள் கவனிப்பார்களா? மாவை விட்டுவிட்டு உருண்டையாகவே விற்கலாமா? அப்படியென்றால் கெடாமல் வைப்பது எப்படி? தின்பண்டத் தொழிலில் இருப்பவர்கள், கல்லூரியில் படிப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.