சாத்துவதா, பூட்டுவதா? ஆண்டுக் கணக்குக்கு ஒரு சொல் தேவை

நொய்யல்கரையான், திருப்பூர். 2026 மார்ச் 9, இரவு

குழுவினருக்கு வணக்கம்ங்க.

ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் கணக்கு மென்பொருளின் திரைகளைத் தமிழில் மாற்றும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. யூனிட்களில் பதிவு போடும் பிள்ளைகள் தமிழ்வழியில் படித்தவர்கள். திரை தமிழில் இருந்தால் தப்பு குறையும் என்று முதலாளி நினைக்கிறார். மார்ச் 20க்குள் சொற்பட்டியலைக் கொடுத்தாக வேண்டும்.

பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், சரிக்கட்டுப் பதிவு எல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன. மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில்: இயர் எண்ட் க்ளோசிங், அதாவது வருடக் கணக்கை முடித்து அதில் இனிமேல் பதிவு போட முடியாதபடி செய்வது.

இப்போது அந்தப் பொத்தானில் 'மூடு' என்று இருக்கிறது. யாரோ அகராதியைப் பார்த்துப் போட்டது. அதே திரையின் மேல் மூலையில் சாளரத்துக்கும் 'மூடு'. போன வருடம் மார்ச் 28, வெள்ளிக்கிழமை சாயங்காலம். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு பிள்ளை சாளரத்தை மூடுவதாக நினைத்து வருடத்தையே மூடிவிட்டது. 'உறுதியாக மூடவா?' என்று திரை கேட்டிருக்கிறது. ஆமாம் என்று அமுக்கிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் சனிக்கிழமை, இங்கே கூலி நாள். கூலியை எழுதப் போனால் 'கணக்காண்டு மூடப்பட்டது' என்று திரை கையை விரிக்கிறது. மென்பொருள்காரர் வந்து உள்ளே புகுந்து திறந்து கொடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதோடு போகவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிக் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் பதிவாகியே ஆக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது. ஆகவே ஆடிட்டருக்குத் தனியாக விளக்கக் கடிதம் எழுதினோம். கையெழுத்துப் போடும்போது அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

நல்ல சொல்லாகச் சொல்லுங்கள். பொத்தானில் ஏழெட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை.

பெருந்துறையார். மார்ச் 10, காலை

தம்பி, 'மூடு' என்பது பானைக்கு. மூடுவதால்தான் அது மூடி. கதவுக்குச் சாத்து, வழிக்கு அடை, பெட்டிக்குப் பூட்டு. கணக்கைப் போய் மூடுவார்களா? கணக்கை முடிப்பார்கள். முடி என்றால் முடிச்சுப் போடு என்றும் பொருள். பணத்தைத் துணியில் முடிந்தால் பண முடிப்பு. ஆண்டின் வரவு செலவை ஒரு முடிச்சாக முடிவதும் முடிப்பு.

ஆனால் அதைவிட நல்ல சொல் ஒன்று நம்மிடம் சும்மா கிடக்கிறது. ஞானசம்பந்தர் பதிகங்களின் கடைசிப் பாட்டுக்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். கடை என்றால் முடிவு, காப்பு என்றால் காவல். முடித்து, முடித்ததைக் காத்து வைப்பது. கோயில் கதவு சாத்துவதையும் திருக்காப்பிடுதல் என்றுதானே சொல்கிறோம். ஆகவே ஆண்டுக் கடைக்காப்பு.

ஒன்று நினைவுக்கு வருகிறது. மறைக்காட்டில், அதாவது வேதாரண்யத்தில், கோயில் கதவு திறக்க அப்பர் பதிகம் முழுக்கப் பாட வேண்டியிருந்தது. சாத்துவதற்குச் சம்பந்தருக்கு முதற்பாட்டே போதுமாயிற்று. உங்கள் மென்பொருளும் அந்த மரபில் வந்ததுதான் போலிருக்கிறது: சாத்த ஓர் அமுக்கல், திறக்க அரை நாள்.

காங்கேயத்தான். மார்ச் 10, மதியம்

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாதுங்க. 'கடைக்காப்பு' என்று திரையில் போட்டால் எங்கள் ஊரில் கடைக்கு வாட்ச்மேன் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள்.

எங்கள் பக்கம் பொழுது சாய்ந்தால் கொறங்காட்டிலிருந்து ஆட்டை ஓட்டி வந்து பட்டியில் அடைப்போம். பட்டி வாயில் ஒரு ஆள் காலை அகட்டி நின்றுகொண்டு ஒவ்வொன்றாக உள்ளே விட்டு எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் படலைச் சாத்துவது. ஒன்று குறைந்தாலும் படல் திறந்தே இருக்கும், ஒருத்தர் பேட்டரி லைட்டை எடுத்துக்கொண்டு கிளுவை வேலி ஓரமாகத் தேடிப் போவார். நீங்கள் செய்வதும் அதுதானே? எண்ணு, தேடு, அப்புறம் சாத்து. என் சொல் பட்டியடைப்பு. பட்டியல் என்ற சொல்லே பட்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம்.

பெருந்துறையார். மார்ச் 10, மதியம்

> பட்டியல் என்ற சொல்லே பட்டியிலிருந்து

எண்ணத்துக்கு வரி இல்லை. தொடரவும்.

கோவை ஆடிட்டர். மார்ச் 11, இரவு

எல்லாருக்கும் மார்ச் மாதம் என்பதால் சுருக்கமாக எழுத நினைத்தேன், முடியவில்லை.

நீங்கள் எல்லாரும் ஒரே ஒரு கதவு இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். மார்ச் 31 இரவு ஆண்டுதான் முடிகிறது, கணக்கு முடிவதில்லை. ஏப்ரல் 1 காலை புது வரிசை எண்ணில் பில் போட்டே ஆக வேண்டும், லாரி காத்திருக்கும். ஆனால் மார்ச் கணக்கு இன்னும் திறந்துதான் கிடக்கும். ரெண்டு வருடமும் கொஞ்ச நாள் ஒன்றாகத் திறந்திருக்கும். 'ஆண்டு முடிவு' என்று பொத்தானில் போட்டால் அதுவே ஒரு பொய்.

அந்தக் கொஞ்ச நாளில் என்ன நடக்கிறது என்று தம்பிக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நூல் நிட்டிங்கில் கிடக்கும், துணி டையிங்கில் கிடக்கும், வெட்டிய பீஸ் ஏதோ ஒரு பவர் டேபிள் தையல் யூனிட்டில் கிடக்கும். எல்லாம் கம்பெனியின் சரக்கு, ஒன்றும் கம்பெனியின் கூரைக்கடியில் இல்லை. டெலிவரி சலானை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் 'மார்ச் 31 அன்று உங்களிடம் இவ்வளவு இருந்தது' என்று கையெழுத்து வாங்க வேண்டும். (காங்கேயத்தார் சொன்ன ஆள் இங்கே ஸ்கூட்டரில் போகிறார்.) டாலரில் வர வேண்டிய பாக்கியை அன்றைய மாற்று விலைக்குத் திருப்பி எழுத வேண்டும். வந்து சேராத மின்சார பில்லுக்கு ஒதுக்க வேண்டும். ஜாப் ஒர்க் செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள், ஒப்பந்தம் எழுதாவிட்டால் 15 நாளுக்குள், பணம் போயிருக்க வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31இல் நிலுவையாக நின்றால் அதை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, எந்த வருடம் கொடுக்கிறோமோ அந்த வருடம்தான். இந்த விதி வந்த பிறகு மார்ச் கடைசி வாரத்தில் சின்ன யூனிட்காரர்கள் போனை எடுத்தால் முதலாளிகளே லைனில் வருகிறார்கள். நல்ல காட்சி.

ஆக இரண்டு நிலை. ஒன்று, யூனிட்கள் இனிமேல் மார்ச்சில் பதிவு போட முடியாது, ஆனால் தலைமைக் கணக்கரும் நாங்களும் திருத்தம் போடலாம். இரண்டு, தணிக்கை முடிந்து கையெழுத்தான பிறகு யாருக்கும் திறக்காது. வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கே செப்டம்பர் 30 வரை கெடு இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் போன வருடம் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.

ஈரோட்டிலிருந்து ஒரு வணிகவியல் ஆசிரியை. மார்ச் 12, காலை

வகுப்பிலிருந்து ஒரு குரல். எங்கள் பிள்ளைகளுக்கு 'இறுதிக் கணக்குகள்' தெரியும். பேரேட்டில் இருப்பு கீ/இ, இருப்பு கீ/கொ என்று எழுதுவார்கள்: கீழ் இறக்கப்பட்டது, கீழ் கொணரப்பட்டது. பழைய வருடத்தின் அடியில் இறக்கிய சுமையைப் புது வருடத்தின் தலையில் ஏற்றுவது. சுமைதாங்கிக் கல் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இலங்கையில் நாம் இருப்புநிலைக் குறிப்பு என்பதை ஐந்தொகை என்கிறார்கள், எவ்வளவு கச்சிதம் பாருங்கள். அதனால் புதுச்சொல் தேடி அலையாமல் ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பு என்று போட்டுவிடலாம்.

தனித்தமிழ் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அனாமத்துக் கணக்கு என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அமானத் என்ற உருதுச் சொல் எழுத்து இடம் மாறி வந்தது. ஒரு பிள்ளைகூட அதில் தடுமாறியதில்லை. 'க்ளோசிங்' என்றே விட்டாலும் வானம் இடிந்து விழாது.

காங்கேயத்தான். மார்ச் 12, காலை

ஆண்டிறுதி! வட்டி கட்டியே ஆண்டியானவனின் இறுதி. பொருத்தம்தான்.

பெருந்துறையார். மார்ச் 12, மாலை

ஆண்டி + இறுதி என்றால் இடையில் யகர உடம்படுமெய் வந்து ஆண்டியிறுதி என்றாகும். ஆண்டு + இறுதிதான் குற்றியலுகரம் கெட்டு ஆண்டிறுதி. காங்கேயத்தார் மறுதேர்வு எழுதவும்.

ஆசிரியை அம்மாவுக்கு: அனாமத்து ஊரில் தங்கிவிட்டது என்பதற்காக இனிமேல் வருகிற ஒவ்வொன்றுக்கும் திண்ணையில் பாய் விரிக்க வேண்டுமா? தாலுகா ஆபீஸைப் பாருங்கள். வருவாய்த் துறையின் பசலி ஆண்டு இன்றும் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது, இப்போது நடப்பது பசலி 1435. கிராமக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்திக்கு வருவாய்த் தீர்வாயம் என்று அரசே அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. ஆண்டுத் தீர்வாயம் என்றுகூட வைக்கலாம். மஞ்சள் மண்டிகளில் சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு எழுதிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. வருமான வரிக்கு எல்லாருக்கும் மார்ச் 31 என்று ஒரே கோடு போட்டது 1989இல்தான். அதற்கு முன் அவரவர் வசதிக்குத் தீபாவளிக் கணக்கும் உண்டு, சித்திரைக் கணக்கும் உண்டு.

கோவை ஆடிட்டர். மார்ச் 12, இரவு

இந்த ஏப்ரல் 1இல் புது வருமானவரிச் சட்டமும் வருகிறதுங்க. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு இரண்டும் போய் வரி ஆண்டு ஒன்றுதான். பழைய இரண்டையும் விளக்கியே எனக்குப் பாதித் தலை நரைத்தது. தீர்வாயம் வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே பட்டா மாறுதலுக்கு மனுவோடு வரிசையில் நிற்பது போல இருக்கிறது.

நொய்யல்கரையான். மார்ச் 14, இரவு

ஆடிட்டர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு ஒன்று தோன்றியதுங்க. வீட்டில் 'கதவைச் சாத்து' என்றால் ஒரு வேலை, 'கதவைப் பூட்டு' என்றால் இன்னொரு வேலை. சாத்திய கதவை வீட்டு ஆள் தள்ளித் திறக்கலாம், பூட்டியதைத் திறக்க முடியாது. யாருக்கும் விளக்க வேண்டாம். முதல் நிலைக்கு சாத்து, இரண்டாவதற்குப் பூட்டு. பொத்தானில் இடமும் மிச்சம்.

காங்கேயத்தான். மார்ச் 15, காலை

பூட்டுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். சித்திரை பிறந்தால் பொன்னேர் பூட்டுவோம். குடியானவனுக்குப் பூட்டு என்றால் வேலை தொடக்கம், மாட்டை அவிழ்த்து விட்டால்தான் முடிவு. அப்புறம் சாத்து. 'ஆடிட்டர் வந்து சாத்தினார்' என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அக்காவுக்கே தெரியும்.

கோவை ஆடிட்டர். மார்ச் 15, காலை

சில கம்பெனிகளுக்கு அந்த அர்த்தமும் பொருந்தும்.

பெருந்துறையார். மார்ச் 15, மாலை

சாத்து என்ற சொல்லில் வணிகமே இருக்கிறது. வணிகர் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர், கோவலனின் தந்தை மாசாத்துவான். நொய்யல் கரையில் கொடுமணலுக்கு மணி வாங்க வந்த சாத்துகள் எத்தனையோ. வணிகக் கணக்குக்கு இதைவிட...

ஈரோட்டு ஆசிரியை. மார்ச் 15, இரவு

ஐயா, அந்தச் சாத்து 'சார்த்த' என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நீங்கள் திண்ணையில் பாய் விரித்துவிட்டீர்கள்.

பெருந்துறையார். மார்ச் 16, விடியற்காலை

கதவைச் சாத்துவது வேறு. சார், சார்த்து, சாத்து. கதவை நிலையோடு சார வைப்பது. தூய தமிழ். சாமிக்கு மாலை சாத்துவதும் இதுவே. வணிகச் சாத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடைக்காப்பைத் திரும்பப் பெறவில்லை.

நொய்யல்கரையான். மார்ச் 19, இரவு

நாளைக் காலை பட்டியல் போக வேண்டும். இடையில் வந்த பதினோரு அஞ்சல்களில் ஒன்பது, காங்கேயம் காளைக்கும் பூட்டாங்கயிற்றுக்கும் உள்ள உறவு பற்றியவை. இரண்டு பேர் வாக்களித்திருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துச் சாத்து, பூட்டு இணைக்கு ஐந்து பேர். சாத்து சரி, பூட்டு ஆகாது என்று காங்கேயத்தார். கடைக்காப்புக்குப் பெருந்துறை ஐயா மட்டும். அந்தத் திரையின் தலைப்புக்கு 'ஆண்டுக் கணக்கு முடிப்பு' என்று போடுகிறேன். அதில் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை.

சாயங்காலம் புதுத் திரையை அந்தப் பிள்ளையிடமே காட்டினேன். சாளரத்துக்கு மட்டும் 'மூடு'. கீழே இடது ஓரத்தில் 'சாத்து', அதற்கு நாலு விரல் தள்ளிச் சிவப்பில் 'பூட்டு'. மவுஸைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம், "பூட்டிட்டா சாவி யாருகிட்டங்கண்ணா இருக்கும்?" என்று கேட்டது.

அதைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. திறக்கும் அனுமதி யாருக்கு என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி மென்பொருள்காரருக்கு இப்போதுதான் எழுதினேன். கட்டத்தின் பெயர் 'சாவி'.

பெருந்துறையார். மார்ச் 19, இரவு 11.50

தம்பி, சாவி போர்த்துக்கீசியச் சொல். திறவுகோல் என்று போடவும். தனி இழையாகத் தொடங்கட்டுமா?