கியோங்ஜுவில் ஒரு பகல் போதுமா, இரவு தங்க வேண்டுமா?

கேள்வி

அக்டோபர் கடைசி வாரத்தில் பெற்றோருடன் தென்கொரியா செல்கிறோம். முதலில் சியோல், பிறகு பூசான் என்று முடிவாகிவிட்டது. வழியில் உள்ள கியோங்ஜுவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதில்தான் வீட்டில் ஒத்த கருத்து இல்லை. பூசானில் தங்கிக்கொண்டு, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்கிறார் அப்பா. சில்லா அரசர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு நெருக்கமாகத் தலைநகராக வைத்திருந்த ஊரை அப்படி ஓட்டமாகப் பார்ப்பதற்குப் போகாமலே இருக்கலாம் என்பது என் எண்ணம். அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. சமதரையில் நன்றாகவே நடப்பார். படி ஏறுவதுதான் சிரமம். வாடகைக் கார் எடுக்கப் போவதில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கியோங்ஜு ரயில் நிலையத்திலிருந்து அரசர் கல்லறை மேடுகளுக்கு நடந்தே போகலாம் என்று ஒரு பயணக் குறிப்பில் படித்தேன். வரைபடத்தில் பார்த்தால் நிலையம் ஊருக்கு வெளியே வெகு தொலைவில் இருக்கிறது. எதை நம்புவது?

பதில் 1

வரைபடத்தை நம்புங்கள். ஊருக்குள் இருந்த பழைய நிலையம் 2021 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. அதிவேக ரயில் நிற்கும் சின்கியோங்ஜு நிலையத்துக்கு 2023 டிசம்பரில் கியோங்ஜு என்றே பெயர் சூட்டினார்கள். நீங்கள் படித்தது அதற்கு முந்தைய குறிப்பாக இருக்கும். இப்போதைய நிலையத்திலிருந்து ஊருக்குள் வரப் பேருந்திலோ டாக்சியிலோதான் வர வேண்டும்.

எத்தனை நாள் என்பதற்கு வருகிறேன். பார்க்க வேண்டியவை இரண்டு இடங்களில் திரண்டிருக்கின்றன. தெருங்வோன் கல்லறைப் பூங்கா, சொம்சொங்தே வானாய்வுக் கோபுரம், வொல்ஜி குளம், வொல்ஜொங்யோ பாலம், தேசிய அருங்காட்சியகம் ஆகியவை ஊருக்குள் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில், பெரும்பாலும் சமதரையில் இருக்கின்றன. புல்குக்சா கோயிலும் அதற்கு மேலே மலையில் உள்ள சொக்குராம் குகைக் கோயிலும் தென்கிழக்கே பேருந்தில் முக்கால் மணி நேரம் போகும் தொலைவில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பகலில் அடைக்க முயன்றால் நாளின் பாதி பேருந்து நிறுத்தங்களில் கழிந்துவிடும். அதனால்தான் ஓர் இரவாவது தங்குங்கள் என்கிறேன்.

இன்னொரு காரணம் வெளிச்சம். வொல்ஜி குளக்கரை மண்டபங்களுக்கு இருட்டியதும் விளக்கேற்றுகிறார்கள், இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. காற்றில்லாத இரவில் மண்டபத்தின் கூரை விளிம்பும் தூண்களும் தலைகீழாகத் தண்ணீரில் அப்படியே தெரியும். பகலில் அதே இடம் புல்வெளியும் குளமுமாகச் சாதாரணமாகத்தான் இருக்கும்.

பதில் 2

மேலே சொன்னவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் இரவுக்காகவே தங்க வேண்டும் என்பது கோடையில்தான் முழுமையாகப் பொருந்தும். ஜூனில் ஏழரை மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். அக்டோபர் கடைசியிலோ ஐந்தரை மணியளவிலேயே மறைந்துவிடுகிறது. ஆறரை மணிக்கு விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் போனால் அன்றிரவே பூசான் சேரலாம். பூசானின் நோபோ பேருந்து நிலையத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, அங்கே மெட்ரோ இருக்கிறது. கியோங்ஜு பேருந்து நிலையம் கல்லறை மேடுகளுக்கு அருகிலேயே இருப்பதால், பூசானிலிருந்து வருவோருக்கு ரயிலைவிடப் பேருந்தே வசதி.

ஆகவே உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே பகல் என்றால் ஊருக்குள் இருப்பவற்றை மட்டும் பார்த்துவிட்டுப் புல்குக்சாவை விட்டுவிட வேண்டும். இலை நிறம் மாறும் பருவத்தில் போய்விட்டு அதை விட்டுவர எனக்கு மனம் வராது.

கேட்டவர்

புல்குக்சாவை விட முடியாது, அம்மா புறப்படுவதே அதற்காகத்தான். படிகளைப் பற்றித்தான் கவலை. படங்களில் வாசலில் உயரமான கல் படிக்கட்டுகள் தெரிகின்றன.

பதில் 3

அந்தப் படிக்கட்டுகளில் ஏற வேண்டியதில்லை. சொங்உன், பெகுன் என்னும் அந்தப் பாலப் படிகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், யாரையும் ஏறவிடுவதில்லை. பக்கவாட்டுப் பாதை வழியாகத்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள், அங்கு சரிவும் சில படிகளும் இருக்கும். முற்றத்தில் இரண்டு கல் கோபுரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. மொட்டையாக எளிமையாக நிற்பது சொக்காதாப், நுணுக்க வேலைப்பாடுள்ளது தபோதாப். கையில் பத்து வோன் நாணயம் இருந்தால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இந்தத் தபோதாப்தான் அதில் இருக்கிறது.

சொக்குராமில்தான் யோசிக்க வேண்டும். புல்குக்சாவிலிருந்து மேலே போகும் பேருந்து ஏறத்தாழ மணிக்கு ஒன்றுதான், ஆகவே இறங்கியதுமே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலிலிருந்து மரங்களினூடே போகும் பாதை அநேகமாகச் சமதளம். கடைசியில் படிகள் வரும். கருங்கல்லில் செதுக்கிய புத்தரைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும், படம் எடுக்கவும் அனுமதியில்லை. எட்டாம் நூற்றாண்டின் அற்புதம்தான், ஆனாலும் மூட்டு வலி உள்ளவர் இதைத் தவிர்த்துவிட்டுப் புல்குக்சாவில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதில் எந்த இழப்பும் இல்லை என்பேன்.

இரண்டாம் இரவு யாருக்குத் தேவை என்றால், நாம்சான் மலை ஏறுபவர்களுக்கு. பாறைகளில் செதுக்கிய புத்தர்கள் அந்த மலை நெடுகிலும் இருக்கிறார்கள். சம்நுங் பாதையில் தலை உடைந்த ஒரு புத்தர் அமர்ந்திருக்கிறார், அவருடைய மேலாடையின் கயிற்று முடிச்சும் குஞ்சமும் கல்லில் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. பழைய மரபு வீடுகள் நிறைந்த யாங்டோங் கிராமத்தையும் பார்க்க நினைப்பவர்களுக்கும் இரண்டாம் இரவு உதவும். உங்கள் குடும்பத்துக்கு அது தேவையில்லை.

கேட்டவர்

அப்படியானால் ஓர் இரவு என்று முடிவு செய்கிறேன். சியோலிலிருந்து அதிவேக ரயிலில் நண்பகலுக்குள் வந்து சேர்ந்து, அன்று கல்லறை மேடுகளும் இருட்டியபின் குளமும், மறுநாள் காலை புல்குக்சாவும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அறையை எங்கே எடுப்பது? பொமுன் ஏரிக்கரையில் பெரிய விடுதிகள் இருப்பதாகத் தெரிகிறது.

பதில் 1

ஏரிக்கரை அழகானதுதான், கார் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். உங்களுக்குக் கல்லறைப் பூங்காவை ஒட்டிய பகுதிதான் ஏற்றது. இரவு குளத்தைப் பார்த்துவிட்டு அம்மாவை நடத்தியே அறைக்கு அழைத்துவரலாம். மறுநாள் பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டுப் புல்குக்சாவுக்குப் பத்தாம் எண் அல்லது பதினொன்றாம் எண் பேருந்தில் போங்கள். இரண்டும் ஒரே வட்டத்தில் எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை. ஏறும் முன் எது விரைவாகப் போகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். வார இறுதியாக இருந்தால் அறையை இப்போதே பதிவு செய்யுங்கள், அந்தப் பருவத்தில் கொரியர்களே கூட்டமாக வருவார்கள்.